பள்ளி பேண்டும் பட்டமளிப்பு இசையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபி, பெருந்துறை, காங்கேயம், தாராபுரம் என்று பள்ளி பள்ளியாகப் போய் பேண்டு சொல்லிக்கொடுப்பது என் வேலை. தைப்பொங்கல் முடிந்ததும் போன் வர ஆரம்பித்துவிடும். யுகேஜி பிள்ளைகளுக்குக் கவுன் மாட்டிப் பட்டமளிப்பு, பன்னிரண்டாம் வகுப்புக்கு வழியனுப்பு விழா, இரண்டுக்கும் பேண்டு வேண்டும். இசை ஆசிரியர்கள், பி.டி. மாஸ்டர்கள், தாளாளர்கள், பெற்றோர் என்று யார் கேட்டாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஏனுங்க மாஸ்டர், பட்டமளிப்புன்னா எல்லாப் பக்கமும் ஒரே மெட்டு வாசிக்கிறாங்களே, அது என்னங்க?

இங்கிலாந்து இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் 1901-ல் எழுதிய ‘பாம்ப் அண்ட் சர்க்கம்ஸ்டன்ஸ்’ முதல் மார்ச். முழுசாகக் கேட்டால் ஆரம்பம் வேகமாக, துள்ளலாக இருக்கும். விழாக்களில் நாம் கேட்பது அதன் நடுவில் வரும் மெதுவான பகுதி மட்டும். அந்தப் பகுதிக்கு ட்ரையோ என்று பெயர்.

எல்கர் அதைப் பட்டமளிப்புக்காக எழுதவில்லை. 1905-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தபோது, விழா முடிந்து எல்லோரும் வெளியேறும் நேரத்தில் அவரைப் பெருமைப்படுத்த இதை வாசித்தார்கள். அங்கிருந்து மற்ற அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் பரவி, வெளியேறும் இசையாக இருந்தது உள்ளே வரும் இசையாகவும் ஆனது. நம் ஊர் மெட்ரிகுலேஷன் பள்ளிகள் கவுனையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டபோது இந்த மெட்டும் கூடவே வந்துவிட்டது.

அது வெள்ளைக்காரன் பெருமை பாடற பாட்டாச்சே, நம்ம பள்ளிக்கூடத்துல அதை வாசிக்கலாமுங்களா?

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்வி. மெட்டு வந்த அடுத்த ஆண்டு, 1902-ல், ஏ. சி. பென்சன் எழுதிய வரிகள் அதற்குச் சேர்ந்தன. அந்த வரிகள் பிரிட்டிஷ் பேரரசின் எல்லை இன்னும் விரியட்டும் என்றுதான் வாழ்த்துகின்றன. சென்னிமலையில் பிறந்த குமரன் 1932-ல் கொடியோடு அடிபட்டு உயிர் விட்டது திருப்பூரில். அந்த மண்ணில் நின்றுகொண்டு இதை யோசிக்காமல் வாசிக்க முடியாது.

என் முடிவைச் சொல்கிறேன். வார்த்தை இல்லாமல் மெட்டை மட்டும் வாசிப்பதில் எனக்குத் தடை இல்லை. மெட்டு நல்ல மெட்டு, நடக்க ஏற்றது. ஆனால் பள்ளியில் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றாலும் வற்புறுத்தமாட்டேன், வேறு மெட்டு எடுத்துக்கொள்வேன். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் (1824) வரும் ஆனந்தப் பாடல் மெட்டு இருக்கிறது: க க ம ப, ப ம க ரி, ச ச ரி க என்று ஐந்து சுரத்துக்குள் முதல் வரி முடிந்துவிடும். போன ஆண்டு ஊத ஆரம்பித்த பிள்ளைகூட வாசித்துவிடும். கீழே சொல்லும் முறை எந்த மெட்டுக்கும் பொருந்தும்.

கடையில விக்கிற பேண்டு நோட்டை வாங்கி அப்படியே வாசிச்சாப் போதாதுங்களா? எதுக்குத் தனியா எழுதணும்?

அச்சிட்ட பேண்டு நோட்டு முதல் கிளாரினெட், இரண்டாம் கிளாரினெட், மூன்று ட்ரம்பெட், ஹார்ன், ட்ராம்போன், டியூபா என்று ஆள் இருப்பதாக நினைத்து எழுதப்பட்டது. நம் பள்ளியில் இருப்பது ஆறு ஃபுளூட், இரண்டு கிளாரினெட், ஒரு ட்ரம்பெட், ஒரு கீபோர்டு, பத்து பியூகிள், டிரம் செட். ஹார்னுக்கு எழுதியதை வாசிக்க ஆள் இல்லை என்றால் அந்த இடம் ஓட்டையாக நிற்கும்.

இன்னொன்று, விழா நடக்கும் மாதம். பட்டமளிப்பு பெரும்பாலும் பங்குனியில் வரும். ஈரோடு பெரிய மாரியம்மன் கோயிலில் கம்பம் நடுவதும் பண்ணாரியில் குண்டம் இறங்குவதும் அதே பங்குனிதான். குடும்பத்தோடு நோன்பிக்குப் போகும் பிள்ளையை பேண்டுக்கு வா என்று இழுக்க முடியாது, இழுக்கவும் கூடாது.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. பல வருஷத்துக்கு முன் ஒரு பள்ளியில் மெட்டு முழுவதையும் ஒரே ட்ரம்பெட் பையனிடம் கொடுத்திருந்தேன். நன்றாக ஊதுவான். விழாவுக்கு முந்தின நாள் அவனுக்கு அம்மை போட்டுவிட்டது. மறுநாள் குழந்தைகள் கவுன் தரையில் புரள நடந்து வந்தார்கள். நாங்கள் துணைச் சுரங்களை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தோம், மெட்டு எங்குமே இல்லை. முன்வரிசையில் ஒரு பாட்டியம்மா எப்போது பாட்டு ஆரம்பிக்கும் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டது என் காதில் விழுந்தது. அதன் பிறகு ஒரு பிள்ளையை மட்டும் நம்பி நான் எதையும் எழுதுவதில்லை.

அப்ப எப்படித்தான் எழுதறதுங்க?

நாலு வரியாக எழுதுங்கள். வாத்தியத்தின் பெயரைப் போடாதீர்கள், வரியின் பெயரைப் போடுங்கள். முதலாவது பாட்டு வரி, மெட்டு. இரண்டாவது துணை வரி, மெட்டுக்குக் கீழே மூன்றாம் சுரத்திலோ ஆறாம் சுரத்திலோ கூடவே நடப்பது. மூன்றாவது நடு வரி, நீளமான சுரங்களாக நிரப்புவது. நாலாவது அடி வரி, எல்லாவற்றையும் தாங்குவது.

இதில் ஒரே ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டு வரியும் அடி வரியும் மட்டும் வாசித்தாலும் முழுசாகக் கேட்க வேண்டும். மற்ற இரண்டும் சேர்ந்தால் அழகு, சேராவிட்டாலும் பழுதில்லை. எழுதி முடித்ததும் கீபோர்டில் வலது கையில் பாட்டு, இடது கையில் அடி என்று வாசித்துப் பாருங்கள். அங்கேயே வெறுமையாகத் தெரிந்தால் பேண்டில் போய்ச் சரியாகாது.

ஒவ்வொரு வரியும் குறைந்தது இரண்டு வகை வாத்தியத்திடம் இருக்கட்டும். பாட்டு வரி ஃபுளூட்டிடமும் கிளாரினெட்டிடமும், அடி வரி கீபோர்டு இடது கையிடமும் யூஃபோனியத்திடமும் என்ற மாதிரி. துணை வரி வாசிக்கும் பிள்ளையின் தாளில் பாட்டு வரியைச் சின்ன எழுத்தில் மேலே போட்டுக் கொடுங்கள். தேவைப்படும் நாளில் அந்தப் பிள்ளை அங்கே தாவிக்கொள்ளும்.

எந்தக் கட்டையில எழுதறதுங்க? எங்க பேண்டு எப்பவுமே ஆறரைக் கட்டைலதான் வாசிக்கும்.

ஆறரைக் கட்டை, அதாவது பி ஃபிளாட், பேண்டு வாத்தியங்களுக்குப் பழக்கமான கட்டைதான். ஆனால் இந்த மெட்டுக்கு மட்டும் நான் இரண்டரைக் கட்டை, ஈ ஃபிளாட், எடுக்கிறேன். காரணம் கிளாரினெட்.

மெட்டின் முதல் வரி இது: ச’ – நி ச’ ரி’ | த – ப | ம – க ம ப | ரி. மேல் சட்ஜத்தில் தொடங்கி, மேல் ரிஷபம் தொட்டு, கீழ் ரிஷபத்தில் இறங்கி நிற்கிறது. ஆறரைக் கட்டையில் வாசித்தால் கிளாரினெட் பிள்ளைக்கு இது சி ஸ்கேலாக வரும். முதல் சுரங்களான சி, பி, டி எல்லாம் கிளாரினெட்டின் மேல் தளம், அடுத்து வரும் ஏ, ஜி கீழ்த் தளம். இரண்டு தளத்துக்கும் நடுவே எல்லா விரல்களையும் ஒரே நேரத்தில் மூடித் திறந்து ரெஜிஸ்டர் சாவியை அழுத்த வேண்டும். புதிதாகப் பழகும் பிள்ளைக்கு அந்த இடத்தில் கீச்சென்று சத்தம் வராமல் இருக்காது. ஒரு ஸ்தாயி கீழே வாசிக்கலாம் என்றால் கடைசி ரிஷபம் கிளாரினெட்டின் அடிச் சுரத்துக்கும் கீழே போய்விடுகிறது. இரண்டரைக் கட்டையில் கிளாரினெட்டுக்கு எஃப் ஸ்கேல் வரும். கீழ் ஸ்தாயியில் வாசித்தால் வரி முழுவதும் கீழ்த் தளத்திலேயே, தாண்டல் இல்லாமல் நடந்துவிடும்.

மற்ற வாத்தியங்களையும் இதோடு சொல்லிவிடுகிறேன். இரண்டரைக் கட்டையில் ஃபுளூட், கீபோர்டு, வயலின், மெலோடிகா எல்லாம் ஈ ஃபிளாட்டிலேயே படிக்கும். கிளாரினெட், ட்ரம்பெட், டெனார் சாக்ஸ் எஃப். ஆல்ட்டோ சாக்ஸ் சி, அதற்கு இதைவிட எளிது கிடையாது. எஃப் ஹார்ன் இருந்தால் பி ஃபிளாட். ட்ரம்பெட்டுக்கு மட்டும் கீழ் ஸ்தாயி கொஞ்சம் மங்கும், மேல் ஸ்தாயி புதுப் பிள்ளைக்கு எட்டாது. அதனால் ட்ரம்பெட்டுக்கு நான் பெரும்பாலும் துணை வரி கொடுத்துவிடுகிறேன். உங்கள் பள்ளி ஃபுளூட் ஆறு துளை பேண்டு ஃபுளூட் என்றால், போன் ட்யூனரில் ஒருமுறை ஊதிப் பார்த்து அதன் கட்டையை உறுதி செய்துகொள்ளுங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

பசங்களுக்கு ஸ்டாஃப் நோட்டேஷன் தெரியாதுங்க. சரளி வரிசைதான் தெரியும்.

சுரமாகவே எழுதிக் கொடுங்கள், ஒன்றும் குறையாது. சங்கராபரணத்தில் எழுதிவிட்டு, கிளாரினெட்டுக்கு ‘உன் சட்ஜம் எஃப்’, ஆல்ட்டோ சாக்ஸுக்கு ‘உன் சட்ஜம் சி’ என்று தாளின் மேலே ஒரு வரி போட்டால் தனித்தனியாகக் கட்டை மாற்றி எழுதும் வேலையே மிச்சம். ஒரே தாள் எல்லோருக்கும். எதற்கும் வளைந்துகொடுக்கும் பேண்டுக்கு நம் சுர முறை எழுதிவைத்தது போலப் பொருந்துகிறது.

இதில் நமக்கு நல்ல முன்னோடி உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளைச் சங்கராபரணத்தில் எடுத்துச் சம்ஸ்கிருத வரிகள் போட்டார். அவைதான் நோட்டு சுர சாகித்தியங்கள். பாட்டு வகுப்பில் ‘சக்தி சகித கணபதிம்’ பாடிய பிள்ளைக்கு மேல்நாட்டு மெட்டைச் சுரத்தில் பிடிப்பது புதிதல்ல.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். நீளத்தைத் தெளிவாகக் காட்டுங்கள்: முதல் ச’ இரண்டு எண்ணிக்கை, நி ச’ இரண்டும் அரை அரை, ரி’ ஒன்று, அடுத்த த, ப இரண்டிரண்டு. இரண்டாம் வரித் தொடக்கத்தில் பிரதி மத்தியமம், அதாவது அரைச் சுரம் ஏறிய ம, எட்டிப் பார்க்கும். சங்கராபரணப் பழக்கத்தில் பிள்ளைகள் சுத்த மத்தியமம் போட்டுவிடுவார்கள், அங்கே சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுங்கள்.

அடி வரி வாசிக்க எங்ககிட்ட ஒரு பெரிய வாத்தியமும் இல்லீங்களே?

கீபோர்டு இடது கை போதும். முதல் வரிக்கு அடி மிக எளிது. நான்கு தட்டு சேர்ந்தது ஒரு பார்: முதல் பாருக்கு ச, அடுத்ததில் ம ச, பிறகு ம, கடைசியில் ப. நான்காம் வகுப்புப் பிள்ளை இரண்டு நாளில் பழகிவிடும். கரண்ட் போனால் என்ன செய்வது என்று யோசித்து பேட்டரி போட்ட கீபோர்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளைங்க நடந்து வர்றதுக்குள்ள பாட்டு முடிஞ்சுருது. எத்தனை தடவ வாசிக்கறதுன்னு எப்படிங்க கணக்குப் போடறது?

பேப்பரில் போட்டுப் பார்த்துவிடலாம். யுகேஜியில் 80 பிள்ளைகள், ஜோடி ஜோடியாக 40 வரிசை. வரிசைக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளி என்றால் அணி 60 மீட்டர் நீளம். பந்தல் வாசலிலிருந்து மேடை வரை 25 மீட்டர். கடைசி ஜோடி வந்து சேர மொத்தம் 85 மீட்டர் நகர வேண்டும்.

நிமிடத்துக்கு 72 தட்டு என்று வாசிக்கிறோம், தட்டுக்கு ஓர் எட்டு, அதாவது ஒரு காலடி. சின்னப் பிள்ளையின் எட்டு 35 செ.மீ. வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 25 மீட்டர், ஆக 3 நிமிடம் 24 விநாடி. நான் எடுத்துக்கொள்ளும் மெட்டு 16 பார், 64 தட்டு, 53 விநாடி. நான்கு வட்டம் வாசித்தால் மூன்றரை நிமிடம், கச்சிதம். அதே பந்தலில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதே எண்ணிக்கையில் வந்தால் எட்டு 62 செ.மீ. போல இருக்கும், இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிடுவார்கள். இரண்டு வட்டம், மேலே கொஞ்சம்.

ஆனால் ஒத்திகையில் ஒருமுறை உண்மையான பிள்ளைகளை நடக்கவிட்டு எண்ணிப் பாருங்கள். யுகேஜி குழந்தை அம்மாவைப் பார்த்துவிட்டால் நின்றுவிடும். தொப்பிக் குஞ்சம் கண்ணில் விழுந்தால் தூக்கிவிட நிற்கும். நான் கணக்குக்கு மேல் ஒரு வட்டம் எப்போதும் தயாராக வைத்திருக்கிறேன்.

நாலு வட்டமும் ஒரே மாதிரி வாசித்தால் கேட்பவருக்குச் சலிக்கும். முதல் வட்டம் பாட்டும் அடியும் மட்டும், மெதுவாக. இரண்டாவதில் துணை சேரட்டும். மூன்றாவதில் நடு வரியும் சைட் டிரம்மும். நாலாவதில் எல்லோரும். எழுதியது ஒரே 16 பார், கேட்பதோ வளர்ந்துகொண்டே போகிறது.

திடீர்னு நிறுத்தச் சொன்னா எப்படிங்க நிறுத்தறது? பாதியில அறுந்த மாதிரி ஆயிருது.

எல்லோர் தாளிலும் கடைசியில் ஒரு கட்டம் போட்டு ‘முடிப்பு’ என்று எழுதுங்கள். இரண்டே பார்: முதலாவது பாரில் ப ஸ்தானத்துச் சுரங்கள் (ப நி ரி), இரண்டாவதில் ச ஸ்தானத்துச் சுரங்கள் (ச க ப), நீளமாக. எட்டாவது பார் முடிவிலும் பதினாறாவது பார் முடிவிலும் இந்த முடிப்புக்குள் நுழையலாம். எட்டாவது பாரில் மெட்டு பஞ்சமத்தின் பக்கம் போய் நிற்பதால் அங்கே வெறுமனே நிறுத்தினால் தொங்கும். முடிப்புச் சேர்த்தால் உட்கார்ந்துவிடும்.

சைகை முக்கியம். நான் இடது கையை மடக்கி தலைக்கு மேல் தூக்கினால் ‘அடுத்த நிறுத்தத்தில் முடிப்பு’ என்று பொருள். நான்கு தட்டுக்கு முன்னாவது தூக்கிவிட வேண்டும். ஒத்திகையில் இதைத் தனியாகப் பத்துத் தடவை செய்யுங்கள், எதிர்பாராத இடத்தில் தூக்குங்கள். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி, சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். மேலே சொன்ன பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் இரண்டு வட்டத்துக்குப் பிறகு எட்டாவது பாரில் முடிப்பதற்கும் இதுவே.

பியூகிள் பசங்க பத்துப் பேரு இருக்காங்க. இந்தப் பாட்டுல அவங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்களா?

இருக்கிறது, ஆனால் பார்த்துக் கொடுக்க வேண்டும். பியூகிளில் வால்வு கிடையாது. பி ஃபிளாட் பியூகிளில் வருவது பி ஃபிளாட், எஃப், டி என்ற மூன்று சுரங்களும் அவற்றின் மேல் கீழ் ஸ்தாயிகளும்தான். ஆறரைக் கட்டையில் அவை ச ப க. அதனால்தான் பியூகிள் இருக்கும் பள்ளிகள் ஆறரையை விடுவதில்லை.

நாம் இரண்டரைக்கு வந்துவிட்டோம். அங்கே அதே மூன்று சுரங்கள் ப, ரி, நி ஆகிவிடுகின்றன. அதாவது பியூகிள் இப்போது பஞ்சம ஸ்தானத்துக்குச் சொந்தம். முதல் வரியில் நான்காவது பார் அந்த ஸ்தானம்தான், அங்கே பத்துப் பேரும் முழுசாக ஊதலாம். ச ஸ்தானம் வரும் இடத்தில் ப மட்டும் பிடிக்கலாம், அது இரண்டுக்கும் பொது. ம ஸ்தானத்தில் அவர்களுக்கு ஒரு சுரமும் இல்லை, அங்கே ஓய்வு. முடிப்பில் முதல் பார் முழுக்க அவர்களுடையது, கடைசிச் சுரத்தில் எல்லோரும் ப-வில் நிற்கட்டும். மெட்டு வரவில்லையே என்ற குறை அவர்களுக்கு இருக்காது. முடிப்பின் முதல் பாரில் பத்து பியூகிள் எழும்போது பந்தலே நிமிர்ந்து உட்காரும்.

பியூகிள் அணிதான் பள்ளியின் பெருமை என்றால் தலைகீழாகச் செய்யுங்கள்: ஆறரைக் கட்டையில் எழுதி, கிளாரினெட்டைத் துணை வரிக்கு மாற்றுங்கள்.

டிரம் பசங்க ஆரம்பிச்சா வேற ஒண்ணும் கேக்க மாட்டேங்குதுங்க.

சைட் டிரம் ஒன்று, பேஸ் டிரம் ஒன்று, சிம்பல் ஒரு ஜோடி போதும். மற்ற டிரம் பிள்ளைகளுக்கு முக்கோண மணி, பெல் லையர் (உலோகப் பட்டைகளைக் குச்சியால் தட்டி மெட்டு வாசிப்பது) கொடுங்கள். பெல் லையர் இருந்தால் அது பாட்டு வரிக்கு இன்னொரு காவல். பேஸ் டிரம் ஒவ்வொரு பாரின் முதல் தட்டில் மட்டும், பிள்ளைகளின் இடது கால் விழும் இடத்தில்.

தமிழ்த்தாய் வாழ்த்தையும் தேசிய கீதத்தையும் இப்படியே நாலு வரியா எழுதிக்கலாமுங்களா?

இரண்டையும் தனியாக வையுங்கள். இந்த வட்டம், முடிப்பு, கூட்டிக் குறைத்தல் எதுவும் அங்கே வேண்டாம்.

மனோன்மணீயம் சுந்தரனாரின் ‘நீராருங் கடலுடுத்த’ 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. மோகன ராகத்தில், மூன்றன் நடையில், 55 விநாடியில் பாட வேண்டும் என்றும், இசைத்தட்டில் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாய்ப்பாட்டாகப் பாட வேண்டும் என்றும் அந்த அரசாணை சொல்கிறது. ஆகவே அது பாடும் பிள்ளைகளுக்கு உரியது. பேண்டு சுருதி மட்டும் கொடுத்துவிட்டு எழுந்து நிற்கட்டும். கட்டையைப் பாடும் பிள்ளைகளின் குரலுக்கு வையுங்கள், நம் வசதிக்கு வேண்டாம்.

தேசிய கீதம் முழுசாக ஏறக்குறைய 52 விநாடி. பேண்டு வாசிப்பதானால் அதற்கு முன் டிரம் உருட்டல் வர வேண்டும் என்று மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஆணையில் இருக்கிறது, சபை எழுந்து நிற்பதற்கு அறிகுறியாக. மெதுநடையில் ஏழு அடி நேரம்: மெல்லத் தொடங்கி, முடிந்த அளவு பெரிதாகி, மறுபடி குறைந்து, ஏழாவது தட்டு வரை கேட்க வேண்டும். பிறகு ஒரு தட்டு மௌனம், அதன்பின் கீதம். இதைத் தெரியாமல் பல பள்ளிகளில் நேராக ஆரம்பித்துவிடுகிறார்கள். சைட் டிரம் பையனுக்கு விழாவிலேயே பெரிய பொறுப்பு இதுதான் என்று சொல்லிப் பழக்குங்கள்.

நம்ம நாயனம், தவில், துடும்பு, ஜமாப்பு எல்லாம் சேத்துக்கலாமுங்களா? தாளாளர் ஆசப்படறாரு.

எனக்கும் ஆசைதான். நாதஸ்வரம் எளிதில் சேரும்: இப்போது வாசிக்கிற பாரி நாயனம் (நீளமான நாதஸ்வரம்) பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டையில் இருக்கும், நம் ஈ ஃபிளாட்டுக்கு அது பக்கத்து வீடு. பேச்சு வார்த்தையிலேயே கட்டையைக் கேட்டு இரண்டரைக் கட்டை நாயனத்தோடு வரச் சொல்லுங்கள். தவில்காரருக்கு நோட்டு வேண்டாம். நம்முடைய இரண்டு பார் ஓர் ஆதி தாள ஆவர்த்தனம், 16 பார் எட்டு ஆவர்த்தனம், இதைச் சொன்னால் போதும். முடிப்புக்கு அவரே தீர்மானம், அதாவது முடிக்கும் தாளக் கோவை, வைத்துவிடுவார்.

துடும்பையும் ஜமாப்பையும் பந்தலுக்குள் சேர்க்காதீர்கள். அவை தெருவுக்கும் தேருக்கும் ஆன பெரிய மேளங்கள், நாலு ஃபுளூட் பிள்ளையை அப்படியே விழுங்கிவிடும். சிறப்பு விருந்தினரை வாசலில் வரவேற்க வெளியே வாசிக்கட்டும், அவர்கள் ஓய்ந்ததும் உள்ளே பேண்டு தொடங்கட்டும். இரண்டுக்கும் மரியாதை அதில்தான் இருக்கிறது.

மூன்று தட்டு மெட்டை மட்டும் ஊர்வலத்துக்கு வைக்காதீர்கள். கால் இரண்டு, தட்டு மூன்று, பிள்ளைகள் தடுமாறுவார்கள். மூன்று தட்டில் வரும் நோட்டு சுரங்களை நான் ஊர்வலத்துக்கு எடுக்காமல், பட்டம் வாங்கும் நேரத்தில் மெதுவாக வாசிப்பதும் இதனால்தான்.

மியூசிக் ரூம்ல சுருதி சுத்தமா இருந்துதுங்க. கிரவுண்டுக்குப் போனா கீபோர்டும் ஃபுளூட்டும் சேரவே மாட்டேங்குது. ஏனுங்க?

பங்குனி வெயில். காற்று சூடானால் ஊதும் வாத்தியத்தின் சுருதி ஏறும், கணக்குப்படி டிகிரிக்குச் சுமார் 3 சென்ட். அறைக்கும் தகரப் பந்தலுக்கும் பத்து டிகிரி வித்தியாசம் இருந்தால் 30 சென்ட் வரை போகலாம். அடுத்தடுத்த இரண்டு கீபோர்டு கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கீபோர்டின் சுருதியோ வெயிலுக்கு அசையாது.

விழா நடக்கும் இடத்திலேயே, அதே நேரத்தில், கால் மணி ஊதிச் சூடாக்கிய பிறகு சுருதி சேருங்கள். ஃபுளூட் தலைப்பகுதியையும் கிளாரினெட் பேரலையும் கொஞ்சம் வெளியே இழுங்கள், ட்ரம்பெட்டில் ஸ்லைடு. போதவில்லை என்றால் கீபோர்டில் ட்யூனிங் அமைப்பை ஏற்றுங்கள். பித்தளை வாத்தியங்களை வெயிலில் வைக்காதீர்கள், குழந்தை உதடு வைக்கும் இடம் சுடும்.

சினிமாப் பாட்டு ஒண்ணு போட்டுக்கலாமுங்களா? காப்புரிமைப் பிரச்சினை வருமுங்களா?

எல்கர் 1934-ல் காலமானார். இந்தியாவில் படைப்பாளி இறந்து 60 ஆண்டு வரைதான் உரிமை, ஆகவே அவர் மெட்டு யாருக்கும் பொது. ஆனால் இன்றைக்கு ஒருவர் அதைப் புதிதாக அமைத்து விற்கும் நோட்டு அவருடையது, அதை ஜெராக்ஸ் எடுத்துப் பத்துப் பள்ளிக்குக் கொடுக்கக் கூடாது. நாமே எழுதிக்கொள்வதில் இந்தச் சிக்கலும் இல்லை.

சினிமாப் பாட்டுக்கு உரிமை உண்டு. 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், பள்ளி நடவடிக்கையின் பகுதியாக ஆசிரியர்களும் மாணவர்களும் வாசிப்பதற்கு விலக்குக் கொடுக்கிறது. பிள்ளைகளும் பெற்றோரும் பள்ளியைச் சேர்ந்தவர்களும் கேட்கும் விழாவில் வாசிக்கலாம். அதை வீடியோ எடுத்து யூடியூபில் போடுவது வேறு விஷயம், அந்த விலக்கு அதற்கு ஆகாது.

விழா அன்னிக்குக் காலைல மூணு பேர் வரல, புதுசா ஒரு புள்ள வாத்தியத்தைத் தூக்கிட்டு வந்து நிக்குது. என்னங்க பண்றது?

முதலில் பாட்டு வரி, அடி வரி இரண்டிலும் ஆள் இருக்கிறதா என்று எண்ணுங்கள். இருந்தால் விழா நடந்துவிடும். பாட்டு வரியில் ஓட்டை என்றால் துணை வரியின் கெட்டியான பிள்ளையை மேலே தாவச் சொல்லுங்கள், அதற்காகத்தான் சின்ன எழுத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறோம். வரிசையை மாற்றி உட்கார வையுங்கள், பாட்டு வரி ஆள்கள் உங்கள் கண்ணெதிரே இருக்கட்டும்.

வந்து நிற்கும் புதுப் பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள். இரண்டு சுரம் தெரிந்தால் இரண்டு சுரத்துக்கு ஒரு வரி எழுதலாம். போன பங்குனியில் ஆறாம் வகுப்புப் பெண் ஒன்று, தம்பிக்குப் பட்டமளிப்பு என்று மெலோடிகாவோடு வந்து நின்றது. ‘எனக்கு ச-வும் ப-வும் தெரியும் சார்’ என்றது. சரி கண்ணு என்று ஒரு தாளில் 16 கட்டம் போட்டு, ச ஸ்தானம் வரும் இடத்தில் ச, ப ஸ்தானத்தில் ப, மற்ற இடத்தில் ‘எண்ணு’ என்று எழுதிக் கொடுத்தேன். உதடு அசைய ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டே ஐந்து வட்டமும் வாசித்தது. தம்பி கடந்து போனபோதுகூடத் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.